சேவலின் இலக்கணம்: பெருவிடைக் கோழியின் இனத்தூய்மை குறித்து ஒரு வரலாற்று நோக்கு
(கொள்ளேகால் – கொங்கு எல்லைப் பகுதியை முன்வைத்து)

முன்னுரை

இலக்கணம் என்னும் சொல் தமிழில் மொழிக்கு மட்டும் உரியதாக வழங்கவில்லை. யானைக்கும் குதிரைக்கும் காளைக்கும் இலக்கணம் உண்டு. கொங்கு நாட்டுச் சந்தைகளில் மாடு வாங்குவோர் இன்றும் சுழி பார்த்தே விலை பேசுகின்றனர். உடலமைப்பைக் கூறு கூறாகப் பிரித்து, இன்னது இருத்தல் வேண்டும், இன்னது இருத்தல் ஆகாது என விதித்து, அவ்விதிக்கு ஏற்ப உயிரினத்தைத் தேர்ந்து பெருக்கும் இம்மரபு கோழிக்கும் பொருந்தும். தமிழகத்தில் இன்று நடைபெறும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிகள் இம்மரபின் அண்மைக்கால வடிவங்கள். இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தென்னாட்டுச் சேவல் எவ்வாறு ஓர் 'இனம்' ஆயிற்று, அதற்குப் பெயரிட்டவர் யார், அப்பெயரில் தமிழகத்திற்குரிய பங்கு யாது என்னும் வினாக்கள் மொழி வரலாற்றோடும் நில வரலாற்றோடும் நெருங்கிய தொடர்புடையவை. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கானக்கோழியும்

கொள்ளேகால் 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டுக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் வட்டமாக விளங்கியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. மைசூரு மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம் 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. ஆட்சி எல்லை மாறியபோதும் பர்கூர், அந்தியூர், மாதேசுவரன் மலை, கொள்ளேகால் என நீளும் மலைவழித் தொடர்பு அறுபடவில்லை. சேவல் என்றும் ஹுஞ்ச என்றும், பெட்டை என்றும் ஹேண்டெ என்றும் ஒரே பறவையை இரு மொழிகளிலும் விலை பேசும் எல்லைப் பகுதி இது.

இப்பகுதியை முன்வைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளின் முதன்மை மூதாதை செந்நிறக் கானக்கோழி என்பதை அறிவியல் ஏற்றுக்கொண்டுள்ளது. அக்கோழி இயற்கையாகத் தென்னிந்தியக் காடுகளில் வாழ்வதில்லை; கோதாவரிக்கு வடக்கேதான் அதன் வாழிடம். கொள்ளேகாலைச் சூழ்ந்த பிளிகிரிரங்கன் மலையிலும் மாதேசுவரன் மலையிலும் கூவுவது சாம்பல்நிறக் கானக்கோழி. புதுச்சேரியில் இருந்து பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா 1782இல் வெளிவந்த தம் பயணநூலில் இக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே எனக் கருதினார். 1813இல் தெம்மிங்கு என்னும் டச்சு அறிஞர் அவர் பெயராலேயே இதற்கு அறிவியற் பெயரிட்டார். பின்னர் டார்வின், எல்லா வீட்டுக்கோழிகளும் செந்நிறக் கானக்கோழியின் வழிவந்தவை என முடிவு செய்ததும் சொன்னெராவின் கருத்து கைவிடப்பட்டது.

ஆயினும் 2008இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு சொன்னெராவுக்கு ஒரு பகுதி நீதியை வழங்கியது. கோழியின் மஞ்சள் நிறத் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபணு செந்நிறக் கானக்கோழியிலிருந்து வந்ததன்று. சாம்பல்நிறக் கானக்கோழியோடு நிகழ்ந்த கலப்பின் வழியாக வீட்டுக்கோழிக்குள் புகுந்திருக்க வேண்டும் என அவர்கள் காட்டினர். மேனாட்டுக் கண்காட்சிகளில் லெகார்ன், கார்னிஷ் முதலிய இனங்களுக்கு மஞ்சள் கால் கட்டாய இலக்கணம். தூய்மையின் அடையாளமாக நடுவர் தேடும் அம்மஞ்சள், தென்னாட்டுக் காட்டில் எங்கோ நேர்ந்த ஒரு கலப்பின் எச்சம் என்பது சிந்திக்கத்தக்கது. தூய்மை என்பது தோற்றத்தில் தொடங்கும் ஒன்றன்று. ஒரு கட்டத்தில் எல்லை வகுத்து, அதன்பின் காக்கப்படும் ஒன்று.

இலக்கியமும் நடுகல்லும் காட்டும் சேவல்

தொல்காப்பிய மரபியல் பறவைகளின் ஆண்பாற் பெயராகச் சேவல் என்பதை வகுத்து, மயிலுக்கு அதனை விலக்குகிறது. அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழி, கூகை ஆகிய இரண்டிற்கே உரிமையாக்குகிறது. வாரணம், குக்குடம், காலாயுதம் எனப் பல பெயர்களும் வழங்கின. எனினும் இவையனைத்தும் பொதுப்பெயர்கள். இன வேறுபாட்டைச் சுட்டுவன அல்ல.

இன வேறுபாடு பற்றிய உணர்வு குறுந்தொகை 305ஆம் பாடலில் மறைமுகமாகத் தென்படுகிறது. இப்பாடலின் ஆசிரியர் தம் உவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றவர். விலக்குவாரின்றித் தாமே பொருது தாமே ஓயும் குப்பைக்கோழிகளின் போர் அங்கே உவமையாகிறது. போருக்கென்றே வளர்க்கப்பட்டு, ஆடவரால் களத்தில் விடப்பட்டு, உரிய நேரத்தில் விலக்கப்படும் வேறொரு வகைக் கோழியைக் கேட்போர் அறிந்திருந்தால் மட்டுமே இவ்வுவமை பொருள் தரும். ஆகவே குப்பைக்கோழி, போர்க்கோழி என்னும் பாகுபாடு சங்க காலத்திலேயே நிலைபெற்றிருந்தது எனக் கொள்ளலாம். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை ஒழிபுப் பகுதியில் கோழி வென்றி தனித்துறையாக அமைவதும், அவ்வெண்பாவில் நிறம் கண்டு சேவலைத் தேர்ந்து கூறும் வித்தகர் குறிக்கப்படுவதும் இப்பாகுபாட்டின் வளர்ச்சியைக் காட்டுவன. இவ்வித்தகரே இன்றைய கண்காட்சி நடுவரின் முன்னோர் எனலாம்.

கல்வெட்டுச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் போரில் மடிந்த சேவல்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஏறத்தாழக் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த இவற்றில் ஒன்று மேற்சேரிக் கோழி, மற்றொன்று கீழ்ச்சேரிக் கோழி. இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்ற பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. எடத்தனூரில் கோவிவன் என்னும் நாய்க்கு நடுகல் உண்டு. கொள்ளேகாலுக்கு அண்மையிலுள்ள மண்டியா மாவட்டத்து ஆதகூரில், பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் வேட்டைநாய்க்கு எடுக்கப்பட்ட கி.பி. 949ஆம் ஆண்டின் கல், தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியையும் சேர்த்தே சொல்கிறது. தமிழும் கன்னடமும் வழங்கிய நிலங்களில் விலங்குக்கும் பறவைக்கும் கல் நடும் மரபு பொதுவாக இருந்ததை இவை உறுதிப்படுத்துகின்றன.

இக்கற்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவை சேவலின் சேரியைச் சொல்கின்றன, பெயரைச் சொல்கின்றன. அதன் மூக்கையோ வாலையோ புகழவில்லை. புகழப்பட்டது செயல், வடிவம் அன்று. செயலுக்குரிய புகழ் வடிவுக்கு மாறியது எப்போது என்னும் வினா இங்கே எழுகிறது.

அச்சில் ஏறிய இலக்கணம்

இம்மாற்றம் முதலில் நிகழ்ந்தது இங்கிலாந்தில். 1835இல் அந்நாட்டில் சேவற்போர் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1849இல் அத்தடை மேலும் இறுக்கப்பட்டது. இடையே 1845இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் முதற் பெருங் கோழிக் கண்காட்சி நடைபெற்றது. களத்தை இழந்த சேவல் மேடையைப் பெற்றது. 1865இல் டார்வினின் நண்பர் தெகெட்மியர் பதிப்பித்த இலக்கண நூல், ஒவ்வோர் இனத்தின் கொண்டை, கண், கழுத்து, கால், இறகு நிறம் ஆகியவற்றைத் தனித்தனியே விதித்து மதிப்பெண்ணையும் பகிர்ந்தது. 1873இல் தோன்றிய அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் மறு ஆண்டே தன் இலக்கண நூலை வெளியிட்டது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. கண்காட்சியில் ஒரு சேவல் மற்றொரு சேவலோடு மோதுவதில்லை. எழுதப்பட்ட ஒரு வருணனையோடு மோதுகிறது. வருணனையை நெருங்கிய பறவைக்கே பரிசு.

அவ்வருணனை பறவையையே மாற்றிவிட்டதை ஆங்கிலப் போர்ச்சேவலின் வரலாறு காட்டும். மேடைக்கு உயரமும் நீண்ட காலும் வேண்டப்பட, சில பத்தாண்டுகளில் கொக்கைப் போன்ற ஒல்லியான புதிய வடிவம் உருவாகி 'நவீன' என்னும் அடைமொழியைப் பெற்றது. பழைய வடிவத்தைக் காக்கத் தனிச் சங்கமே அமைக்க வேண்டியதாயிற்று. ஆணுக்கு ஒரு நிறமும் பெட்டைக்கு வேறொரு நிறமும் நூல் விதித்த இனங்களில், பரிசுச் சேவலைப் பெற ஒரு வழியும் பரிசுப் பெட்டையைப் பெற மற்றொரு வழியுமாக இரட்டைக் கால்வழிகளை வளர்க்கவும் நேர்ந்தது. ஒரே இனம் எனக் காட்டப்பட்ட இணை, உண்மையில் இருவேறு குடும்பங்களைச் சார்ந்தது!

அசல், அசில், மெட்ராஸ்

இந்நூல்களில் இந்தியச் சேவல் நுழைந்த விதம் தனி வரலாறு. அசில் என்னும் பெயர் அரபுச் சொல். உயர்குடிப் பிறப்புடையது என்பது பொருள். தமிழில் போலி அல்லாததைக் குறிக்க நாள்தோறும் வழங்கும் அசல் என்னும் சொல்லும் அதே வேரினின்று வந்ததே. ஒரே வேர் ஒருபுறம் கணக்குப் பேச்சில் வட்டிக்கு எதிரான முதலாகவும், மறுபுறம் சேவலின் குலப்பெயராகவும் தமிழகத்தில் குடியேறியுள்ளது.

சென்னை மாகாணத்தின் பங்கு இதில் சிறிதன்று. சென்னை ஆட்சிப் பணியில் இருந்தவரும், அமராவதிச் சிற்பங்களால் தமிழாய்வாளருக்கு நன்கு அறிமுகமானவருமான வால்டர் எலியட், டார்வினின் வேண்டுகோளுக்கு இணங்கப் புறாக்களையும் கோழிகளையும் பாடம் செய்து அனுப்பி உதவினார். டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்புயிர்களின் வேறுபாடு பற்றிய நூலில் எலியட்டின் உதவி நன்றியுடன் குறிக்கப்படுகிறது. ஐரோப்பியக் கோழி வளர்ப்போரிடையே 'மெட்ராஸ்' என்ற பெயராலேயே ஒரு போர்க்கோழி வகை இன்றும் வழங்குகிறது.

அசிலின் மற்றொரு பயணம் இன்னும் பெரிய விளைவைத் தந்தது. இந்தியாவில் படைத்தலைவராக இருந்த கில்பர்ட்டு, தம் சொந்த மண்ணான கார்ன்வாலில் அசிலையும் பிற போர்க்கோழிகளையும் கலந்து ஓர் இனத்தை உருவாக்கினார் என்பது மரபுச் செய்தி. இண்டியன் கேம் எனப்பட்ட அது அமெரிக்காவில் கார்னிஷ் எனப் பெயர் மாறியது. சண்டைக்கு ஆகாத, மார்புத் தசை மிக்க அப்பறவையே இன்றைய பிராய்லர் கோழியின் தந்தைவழி. 1948இல் அமெரிக்காவில் நடந்த 'நாளைய கோழி' என்னும் போட்டியில் கார்னிஷ் கலப்பே முதற்பரிசு பெற்றது. பின்னர்ப் பல்லடத்தை மையமாகக் கொண்டு கொங்கு நாட்டில் பிராய்லர் தொழில் பெருகியபோது, பெருவிடையின் குருதி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பயணத்தை முடித்து அயற்பெயரோடு இம்மண்ணுக்கே திரும்பியது. சந்தையில் நாட்டுக்கோழி, பிராய்லர் எனப் பகைப்பெயர்களாக வழங்கும் இரண்டும் தூரத்து உறவினர் என்பதை வாங்குவோர் அறியார்.

அறிவியல் வரலாற்றிலும் இப்பறவைக்கு இடமுண்டு. மெண்டலின் மரபு விதிகள் 1900இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டபின், அவை விலங்குகளுக்கும் பொருந்தும் எனப் பேட்சன் 1902இல் காட்டியது கோழிகளைக் கொண்டே. அவர் பயன்படுத்திய இனங்களுள் இண்டியன் கேமும் லெகார்னும் அடங்கும். மூன்று வரிசையாகத் தாழ்ந்து படிந்த அசிலின் கொண்டை, நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையை முதல் தலைமுறையில் மறைத்துவிடும். அக்கலப்புக் குஞ்சுகளைத் தம்முள் இணைத்தால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். ஒரு தலைமுறையைக் கண்டு இனத்தை நம்பாமை அனுபவம் மிக்க வளர்ப்போரின் வழக்கம். அதற்குரிய காரணம் இவ்விதியில் உள்ளது.

பெருவிடையின் வாய்மொழி இலக்கணம்

தமிழகத்து நாட்டுக்கோழிகள் பெருவிடை, சிறுவிடை என இருவகைப்படும். விடை என்பது இளங்கோழியைக் குறிப்பது. எருதையும் குறிக்கும் அச்சொல் இங்கே உருவப் பெருமையை உணர்த்த வந்ததுபோலவும் தோன்றும். சிறுவிடை அடைகாத்துக் குஞ்சு பேணும் வீட்டுக்கோழி. பெருவிடையே அசில். இதன் பெட்டை, முட்டைக்கென வளர்க்கப்படும் லெகார்ன் இடுவதில் கால்பங்கு முட்டையும் இடுவதில்லை. எனவே இலாப நோக்கு மட்டும் இருந்திருப்பின் இவ்வினம் என்றோ அழிந்திருக்கும். அதனைக் காத்தது மூவகை இலக்கணம்.

முதலாவது களத்தின் இலக்கணம். கத்தி கட்டி விடும் போருக்கு இலகுவான சேவலும், வெற்றுக்கால் போருக்கு எடையும் தாங்கும் ஆற்றலும் உள்ள சேவலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. போரின் இடைவேளை 'தண்ணி' எனவும், தோற்ற சேவல் 'கோச்சை' எனவும் பெயர் பெற்றன. இங்கே தோல்வியே கழித்தல். கோச்சையின் கால்வழி தொடராது. இரண்டாவது நிறத்தின் இலக்கணம். காகம், மயில், வல்லூறு, ஆந்தை, கோழி எனப் பஞ்சபட்சி சாத்திரம் வகுத்த ஐந்து பெயர்களும் சேவலின் இறகு நிறங்களுக்கு ஏற்றப்பட்டு, நாளும் பொழுதும் பார்த்துக் களமிறக்கப்பட்டன. ஆந்திரத்தில் குக்குட சாத்திரம் என்னும் பெயரில் இதுவே வழங்குகிறது. உயிரியல் நோக்கில் இதற்கு ஆதாரமில்லை எனினும், ஒரு விளைவை மறுக்க இயலாது: ஐந்து நிறங்களுக்கும் தேவை இருந்தமையால் ஐந்தும் அழியாமல் காக்கப்பட்டன. ஒரே நிறத்தைத் தூய்மை எனக் கொண்ட மேனாட்டு முறையில் இப்பன்மைக்கு இடமில்லை.

மூன்றாவது கண்காட்சியின் இலக்கணம். விலங்குகளை மோதவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. இங்கிலாந்தில் நேர்ந்ததைப் போலவே இங்கும் களம் சுருங்க மேடை விரிந்தது. திண்டுக்கல் வட்டாரத்திலும் பிற மாவட்டங்களிலும் நடைபெறும் கண்காட்சிகளில் கிளியின் அலகைப் போலக் குறுகி வளைந்த மூக்கு, வெண்முத்தை ஒத்த கண், தடித்த கழுத்து, தாடி, நிலத்தைத் தொடும் வால், அவ்வால் விசிறியாக விரியும் அழகு ஆகியன நோக்கப்படுகின்றன. வால் நீண்ட சேவல் போருக்கு ஆகாது. ஆகவே இது பழைய இலக்கணத்தின் தொடர்ச்சி மட்டுமன்று. அதனின்று பிரிந்து செல்லும் புதிய கிளையுமாகும்.

இவ்விலக்கணத்தை எய்தும் முறை எளிதன்று. வளைந்த மூக்கு ஒரு பறவையிலும் நீண்ட வால் மற்றொன்றிலும் அமைந்திருக்க, இரண்டையும் ஒன்றில் கொணரப் பல தலைமுறைகள் வேண்டும். கிடைத்ததை நிலைப்படுத்தத் தந்தையை மகளோடும் உடன்பிறந்தாரைத் தம்முள்ளும் இணைப்பர். நெருங்கிய இணைப்பு தொடர்ந்தால் முட்டை பொரிப்பு குறையும்; குஞ்சுகள் நலியும். அப்போது வேற்றூர்ச் சேவலைக் கொணர்ந்து குருதி மாற்றுவர். அவ்வாறு மாற்றியபின் மூக்கும் வாலும் மீண்டும் சிதறும். தூய்மைக்கும் உயிர்ப்புக்கும் இடையிலான இவ்விழுபறியே இனப்பெருக்கக் கலையின் உள்ளீடு.

சேவலை விற்றாலும் பெட்டையை விற்காமை இவர்களிடையே பரவலான வழக்கம். தாய்வழியே சேவலின் தரம் என்பது அவர்தம் நம்பிக்கை. பறவைகளில் பால் நிர்ணயம் மனிதருக்கு நேர்மாறானது. பெட்டைக்கு உள்ள ஒற்றை 'இசட்' குரோமோசோமை அதன் ஆண்குஞ்சுகள் அனைத்தும் பெறுகின்றன, பெண்குஞ்சுகள் பெறுவதில்லை. அக்குரோமோசோமைச் சார்ந்த பண்புகளைப் பொறுத்தமட்டில் பெட்டையின் கூறு மகனிடமே சென்று சேரும். எல்லாப் பண்புகளுக்கும் இது பொருந்தாது. எனினும் பெட்டையைக் காத்த வழக்கம் முற்றிலும் மூடநம்பிக்கை எனத் தள்ளத்தக்கதன்று.

பெயர் பெற்ற மாடும் பெயர் பெறாச் சேவலும்

கொள்ளேகால் வட்டாரத்திற்கு மீள்வோம். காவிரிக் கரையில் அவ்வட்டத்தைச் சார்ந்திருந்த ஆலம்பாடி என்னும் சிற்றூர் ஒரு மாட்டினத்திற்குப் பெயர் தந்தது. அண்டை மலையான பர்கூரும் அவ்வாறே. தெற்கே காங்கேயமும் அவ்வாறே. ஏரும் வண்டியும் வரிவருவாயோடு தொடர்புடையவை. ஆதலின் ஆங்கிலேய அலுவலர் மாட்டை ஊர்ப்பெயரோடு ஏட்டில் ஏற்றினர். கோழியோ பெண்டிரின் கைச்செலவுக்கும் ஆடவரின் பந்தயத்திற்கும் உரியது. இரண்டும் அரசின் கணக்கில் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கோழிமீது அக்கறை கொண்ட நிறுவனங்களும் அதனை மாற்ற விரும்பினவே தவிர, வகைப்படுத்த முனையவில்லை. மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹேச் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் லெகார்ன் சேவல்களைக் கொண்டு ஊர்க்கோழிகளைத் தரம் உயர்த்தியது. முட்டை விற்பனைக் கூட்டுறவையும் கண்டது. காட்பாடியின் வேளாண் நிறுவனமும் அவ்வழியே சென்றது. ஏழை உழவரின் வருவாய் பெருகியமை உண்மை. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் நாட்டுக்கோழி அங்கே திருத்தப்பட வேண்டிய பிழையாகவே கருதப்பட்டது.

இதன் விளைவு இன்றைய பதிவேட்டில் தெரிகிறது. 1984இல் தோன்றி, இன்று கர்னாலில் இயங்கிவரும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பதிவில் காங்கேயமும் பர்கூரும் உம்பளாச்சேரியும் புலிக்குளமும் தமிழக மாட்டினங்களாக இடம்பெற்றுள்ளன. கோழிகளில் வடக்கெல்லைக்கு அப்பால் காளத்தியும் மேற்கெல்லைக்கு அப்பால் தலைச்சேரியும் ஊர்ப்பெயராலேயே இனங்களாக ஏற்கப்பட்டன. அசில் பதிவு செய்யப்பட்டபோது அதன் தாயகமாகக் குறிக்கப்பட்டவை ஆந்திரம், சத்தீசுகர், ஒடிசா ஆகியன. சேவலுக்குக் கல் நட்ட நாடு, யானையைச் சேவல் வென்ற கதையால் உறையூருக்குக் கோழி எனப் பெயரிட்ட நாடு, அப்பட்டியலில் இல்லை.

ஓர் இனத்தைப் பதிவு செய்யப் பணியகம் கேட்கும் விவரங்களுள் உயரம், எடை, முட்டை எண்ணிக்கை ஆகியவற்றைக் கால்நடை அறிஞர் அளந்து தருவர். அவற்றுக்கு முன்னதாகவே அமைந்த இனங்கள் வேறு: இனத்தின் பெயர், அதன் மாற்றுப் பெயர்கள், அப்பெயர் வந்த காரணம், தாயகத்தில் அவ்வினம் எக்காலமாக அறியப்பட்டு வருகிறது என்பன. பெருவிடை, கிளிமூக்கு, விசிறிவால் என்னும் சொற்களின் வழக்கெல்லையும், எல்லைப்புறத் தமிழ், கன்னட வழக்குகளும், அரசலாபுரம் இந்தளூர்க் கற்களின் வாசகமும் எழுதப்பட வேண்டியவை இந்நான்கு இனங்களுக்குள்தான்.